ஒரு குலைக்கு ஒரு பேர்

ஜூலை 7, திங்கள்

சாப்பாட்டு மேசையில் சாப்பிட இடமில்லை என்று ராஜு காலையில் முணுமுணுத்தார். ஆறு ஆட்டங்களின் தாள்களை அதில் பரப்பி வைத்திருக்கிறேன். பாவம், நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடியே சாப்பிட்டார். "நானுந்தான் லோரி ஓட்டுறேன். லோரியக் கொண்டாந்து வீட்டுக்குள்ள நிறுத்துறேனா?" என்றார். நிறுத்துங்கள், அப்போது நானும் நின்றுகொண்டு சாப்பிடுகிறேன் என்றேன். கட்டிக்கொண்டு இருபது வருஷமாகிறது. என்னிடம் வாய் கொடுத்து அவர் இதுவரை ஜெயித்ததில்லை.

மார்ச் மாதத்திலிருந்து நான் கோல சிலாங்கூர் மின்மினி கூடைப்பந்து அணியின் மேனேஜர். இதை எழுதிப் பார்க்க இன்னும் அலுக்கவில்லை. தொழில்முறை லீக்கில் எட்டு அணிகள், அதில் நான் ஒருத்திதான் பெண் மேனேஜர். பதினோரு வருஷம் செம்பனைத் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி. பிறகு தஞ்சோங் காராங்கில் முதலாளி தவுக்கே கோவின் அரிசி ஆலையில் வேலை. அவர் அணி தொடங்கியபோது, பள்ளிக்கூடத்தில் கூடைப்பந்து ஆடியவள்தானே என்று சனி ஞாயிறுகளில் ஸ்கோர் எழுதப் போனேன். எழுதி எழுதியே நாற்காலிக்கு வந்துவிட்டேன். யாரும் தூக்கி உட்கார வைக்கவில்லை.

என் தாளுக்கு லீக்கில் ஒரு மதிப்பு உண்டு. அதில் ஒரே விதிதான். தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டுகிறவர் காம்பில் தன் நம்பரை எழுதி மேடையில் வைப்பார், கிராணி அந்த நம்பருக்கே பதிவு செய்வாள். ஒரு குலைக்கு ஒரு பேர். என் தாளிலும் பந்து கூடைக்குள் போனாலும், கைக்கு வந்தாலும், பறிபோனாலும் ஒரு பேர்தான். லீக் கொடுக்கும் தாளில் கடைசியாக இன்னொரு கட்டம் இருக்கும். இன்னார் களத்தில் நின்ற நேரத்தில் அணி எத்தனை புள்ளி போட்டது, எத்தனை வாங்கியது என்று. அதை நான் தொடுவதே இல்லை. ஐந்து பேர் ஆடியதை ஒருவன் பேரில் எழுதுவது கூட்டத்தோடு கோவிந்தா போடுகிற வேலை.

ஆறு ஆட்டத்தில் இரண்டு ஜெயித்திருக்கிறோம். அதைப் பற்றி நாளை யோசிக்கிறேன்.

ஜூலை 20, ஞாயிறு

ஈப்போவிடம் பத்தொன்பது புள்ளியில் தோல்வி. ஜேசன் மட்டும் இருபத்தாறு போட்டான். மற்றவர்கள் எல்லாம் பஸ்ஸில் வந்த பயணிகள்.

ஜூலை 21, திங்கள்

தவுக்கே கூப்பிட்டார். கோச்சும் இருந்தார். ஆலை ஆபீசின் கண்ணாடிக்கு வெளியே லோரியில் நெல் மூட்டை இறங்கிக்கொண்டிருந்தது. தவுக்கே அதையே பார்த்துக்கொண்டு பேசினார். கோபம் வந்தால் அவர் ஆளைப் பார்க்க மாட்டார்.

பாதி சீசன் முடிந்துவிட்டது. ஏழில் ஐந்து தோல்வி. மாற்றத்துக்கான கெடு ஆகஸ்ட் 8 மாலை ஆறு மணி. அதற்குள் நம் ஆளைக் கொடுத்து வேறு அணியிலிருந்து ஆள் வாங்கிக்கொள்ளலாம். நமக்கு உயரமான ஆள் வேண்டும். அதற்கு யாரைக் கொடுக்கலாம்? "லீலா, உன் தாள்தான் பெரிய தாளாச்சே. நீ சொல்லு. நீ சொல்ற பேருதான்" என்றார்.

கோச் ஏதோ சொல்ல வாயெடுத்தார், தவுக்கே கை காட்டி நிறுத்திவிட்டார். நான் சொல்கிற பேர்தானாம். வரும் வழியெல்லாம் காரில் சிரித்துக்கொண்டே வந்தேன். தோட்டத்து ஆபீஸ் ஜன்னலில் நின்று "கிராணியம்மா, எம்பேர எழுதிட்டீங்களா" என்று கேட்பார்கள். இப்போது ஒரு லீக்கே ஜன்னலில் நிற்கிறது.

ஜூலை 24, வியாழன்

பன்னிரண்டு பேரையும் வரிசைப்படுத்தி முடித்தேன். முதலில் ஜேசன் லோ. ஆட்டத்துக்கு இருபத்திரண்டு புள்ளி. ஊரெங்கும் பேனரில் இருக்கிற முகம். கடைசியில் குகன். மூன்று புள்ளி, நான்கு ரீபவுண்ட்.

குகன்.

நான் கிராணியாக இருந்த அதே தோட்டத்துப் பையன். சன்னாசி அண்ணன், சின்னத்தாய் அக்கா இவர்களுடைய மகன். ஆபீசுக்குப் பின்னால் உரக்கொட்டகைச் சுவரில் பந்தை அடித்து அடித்துச் சுண்ணாம்பை உதிர்த்தவன். எத்தனை தடவை விரட்டியிருப்பேன். இப்போது வயது இருபத்தாறு, அணியில் இருக்கிற ஒரே தமிழன். தோட்டத்து நுழைவாயிலில் அவன் படம் போட்டு, கீழே என் படத்தையும் போட்டு பேனர் கட்டியிருக்கிறார்கள். என் படத்தில் கண் மூடியிருக்கிறது, அது வேறு விஷயம்.

சன்னாசி அண்ணனுக்கு இப்போது சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் குகன்தான் அவரைக் கோல சிலாங்கூருக்கு டயாலிசிஸுக்குக் கூட்டிப்போகிறான். ஒரு காலும் போய்விட்டதால் அவரைத் தூக்கித்தான் காரில் வைக்க வேண்டும். ஆறடி மூன்றங்குல மகன் இருந்தால் தூக்கலாம். மகன் ஜொகூரிலோ பினாங்கிலோ இருந்தால்?

அதெல்லாம் தாளில் வராது. வரக்கூடாது. இவனை நான் வைத்துக்கொண்டால் என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும். நாற்காலி கிடைத்ததும் தன் தோட்டத்து ஆளுக்கு இடம் போட்டுவிட்டாள் என்பார்கள். சொல்ல விடுவேனா?

கொடுக்கலாம் என்ற பட்டியலில் முதல் பெயராக அவன் பெயரை எழுதினேன். அடித்துத் திருத்தவில்லை. இப்படித்தான் இருக்க வேண்டும் ஒரு மேனேஜர்.

ஜூலை 28, திங்கள்

நம்ப முடியவில்லை. ஜொகூர் மேனேஜர் தாமாகவே போன் செய்தார். எங்களிடம் குகன் இருக்கிறானே, அவனைக் கொடுத்தால் தங்கள் ஆறடி ஒன்பதங்குல சென்டர் ஆட்டக்காரனைத் தருகிறார்களாம். என் தாளில் கடைசி ஆளுக்கு அவர்களுடைய மலை! சிரிப்பை அடக்கிக்கொண்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று கெத்தாகச் சொன்னேன். தவுக்கேயிடம் சொன்னதும் "பாகுஸ் லா, நல்லது லீலா" என்று மேசையைத் தட்டினார்.

ராஜுவிடம் சொன்னேன். அவர் சாம்பாரை ஊற்றிக்கொண்டே, "பழைய லோரிக்கு ஒருத்தன் புது லோரி தர்றான்னா, நான் மொதல்ல என் பழைய லோரியத்தான் தொறந்து பாப்பேன்" என்றார். உங்களுக்குக் கூடைப்பந்து என்ன தெரியும் என்றேன். ஒன்றும் தெரியாது, லோரிதான் தெரியும் என்றார்.

ஜூலை 31, வியாழன்

செய்தி எப்படியோ கசிந்துவிட்டது. பயிற்சிக்கு முன்னால் குகன் ஆபீஸ் அறைக்கு வந்தான். வாசலில் குனிந்துதான் உள்ளே வர வேண்டும் அவன். காலையில் அப்பாவை விட்டுவிட்டு நேராக வந்திருக்கிறான், சட்டையில் மருந்து வாசம்.

"அக்கா, நான் ஜொகூர் போறேனா?"

இன்னும் முடிவாகவில்லை என்றேன். அது பொய். என் மனதில் முடிவாகிவிட்டது.

"ஆட்டத்துக்கு வேணும்னா வச்சுக்குங்க. எங்கப்பாவப் பாத்து வச்சுக்காதீங்க. அப்படி வச்சா நான் பந்தத் தொட மாட்டேன்" என்றான்.

அப்பாவை யார் கூட்டிப்போவார்கள் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"அத நான் பாத்துக்குவேங்க்கா. அது உங்க வேலையில்ல." மரியாதையாகத்தான் சொன்னான். தலையைக் குனிந்து வெளியே போனான்.

என்ன திமிரு பாரேன். யாரு இவனுக்குச் சொல்லிக்குடுத்தா இப்படிப் பேச? அழுதிருந்தா கூடப் பரவால்ல. கெஞ்சியிருந்தா நான் முடியாதுன்னு சொல்லிட்டு நிம்மதியா இருந்திருப்பேன். இப்போ என்னடான்னா, அவன் நிமிந்து போயிட்டான், நான்தான் இங்க உக்காந்து பேனாவ மூடித் தொறந்துக்கிட்டு இருக்கேன்.

ஆனாலும் சொல்கிறேன், அவனைப் பார்க்கப் பெருமையாக இருந்தது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

தோட்டத்து மாரியம்மன் கோயிலில் ஆடிக் கூழ். போகாமல் இருந்துவிடலாமா என்று பார்த்தேன். போகாவிட்டால் பயந்துவிட்டாள் என்பார்கள். பட்டுச் சேலை கட்டிக்கொண்டே போனேன்.

யாரும் முகத்துக்கு நேராக ஒன்றும் கேட்கவில்லை. கோயில் தலைவர் ஐயாவு மட்டும், "ஆடியில யாராச்சும் புள்ளைய ஊர விட்டு அனுப்புவாங்களாம்மா" என்று பொதுவாக வானத்தைப் பார்த்துக் கேட்டார். லீக்காரர்களுக்கு ஆடி தெரியாது என்றேன்.

சின்னத்தாய் அக்காதான் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தார். எனக்கும் ஊற்றினார், வெங்காயம் கூடுதலாகவே போட்டார். குகனைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. சன்னாசி அண்ணன் சக்கர நாற்காலியில் மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் பழைய பெருமை வந்துவிட்டது அவருக்கு.

"கிராணியம்மா, நீங்களே சொல்லுங்க, இருபத்தேழாம் நம்பர இந்தத் தோட்டத்துல எவனாச்சும் அடிச்சிருக்கானா?"

இல்லை அண்ணே என்றேன். அது அவர் குலை வெட்டிய காலத்து நம்பர். உண்மைதான். பதினோரு வருஷமும் என் புத்தகத்தில் இருபத்தேழுதான் முதலில் இருக்கும்.

சின்னத்தாய் அக்கா கரண்டியோடு திரும்பினார். "ஆமா, பெரிய இருபத்தேழு. நான் நித்தியா பிரசவத்துக்கு ரவாங் போயி ஒரு மாசம் இருந்தேனே, அந்த மாசம் எங்க போச்சு உங்க நம்பரு?"

சுற்றி நின்ற பெண்கள் எல்லாம் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார். "அந்த மாசம் வெயிலு ஜாஸ்தி" என்றார்.

நான் சிரிக்கவில்லை. அந்த மாதம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. நித்தியா அவர்களுடைய மூத்த மகள். அவள் பிள்ளை பெற்ற மாதம் இருபத்தேழாம் நம்பர் ஏழாவது இடத்துக்கு இறங்கிவிட்டது. "வேலையில் சுணக்கம்" என்று நான்தான் புத்தகத்தில் எழுதினேன். அண்ணன் வெட்டிப் போடுவார். பின்னாலேயே அக்கா உதிரிப் பழம் பொறுக்குவார், மட்டையை இழுத்து அடுக்குவார், வண்டிக்கு வழி ஒதுக்குவார். மற்றவன் ஒரு மரம் முடிப்பதற்குள் அண்ணன் இரண்டாவது மரத்துக்குப் போய்விடுவார். எல்லாம் இருபத்தேழின் பேரில் ஏறியது. அக்காவுக்கு நம்பரே கிடையாது. பதினோரு வருஷத்தில் அந்தப் பெயரை நான் ஒரு தடவைகூட எழுதியதில்லை.

கூழ் சொம்போடு காரில் வந்து உட்கார்ந்தேன். ராஜு என்ன ஆச்சு என்றார். வீட்டுக்குப் போங்கள், மேசையை ஒழித்துக் கொடுங்கள் என்றேன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

விடுப்பு எடுத்துக்கொண்டு காலையிலிருந்து உட்கார்ந்தேன். லீக் தாளில் நான் தொடாத அந்தக் கடைசிக் கட்டத்தை ஏழு ஆட்டத்துக்கும் எடுத்துக் கூட்டினேன்.

ஏழு ஆட்டத்தில் மொத்தமாக நாங்கள் முப்பத்தெட்டு புள்ளி பின்னால் இருக்கிறோம். குகன் களத்தில் நின்ற நேரத்தில் நாற்பத்தாறு புள்ளி முன்னால். அவன் பெஞ்சில் இருந்த நேரத்தில் எண்பத்து நான்கு பின்னால்.

தப்பாகக் கூட்டிவிட்டேன் என்று மறுபடி கூட்டினேன். மறுபடியும் அதே.

பிறகு வீடியோவைப் போட்டு அவனை மட்டும் பார்த்தேன். பந்தைப் பார்க்கவே இல்லை, இவனை மட்டும். ஜேசன் கூடைக்கு ஓடும்போது துரத்துகிறவன் முன்னால் குகன் போய்ச் சுவர் மாதிரி நிற்கிறான். அவன் இவன் மேல் மோதி நிற்க, ஜேசன் தனியாகப் போய்ப் போடுகிறான். இரண்டு புள்ளி, ஜேசன் பேரில். பந்து கூடையில் பட்டுத் திரும்பும்போது எதிரியின் பெரிய ஆளை முதுகால் தள்ளிக்கொண்டே வெளியே போகிறான். பந்து நம்முடைய இன்னொருவன் கையில் சும்மா வந்து விழுகிறது. ரீபவுண்ட், இன்னொருவன் பேரில். ஒரே ஆட்டத்தில் இப்படி இருபத்து மூன்று தடவை. என் தாளில் அதற்குக் கட்டமே இல்லை.

ஜேசனுக்கும் பார்த்தேன். அவன் நின்ற நேரத்தில் ஐம்பத்திரண்டு பின்னால். இருபத்திரண்டு போடுகிறான், அவன் காவல் காக்க வேண்டியவன் இருபத்தைந்து போடுகிறான்.

ஜொகூர்காரனுக்கு இது தெரிந்திருக்கிறது. அதனால்தான் மலையைத் தருகிறேன் என்றான். நான் அவனை ஏமாற்றுவதாக நினைத்துச் சிரித்தேன். ஐயோ, லீலா. சொந்தத் தோட்டத்துப் பிள்ளையின் விலையை ஜொகூரிலிருந்து ஒருவன் போன் செய்து உனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

எப்படிப் போய்ச் சொல்வது? போன வாரம் தவுக்கே மேசையைத் தட்டி ஏற்றுக்கொண்டதை இந்த வாரம் நானே மாற்றுவதா? அதுவும் குகனுக்காக?

மௌனமாக இருந்துவிட்டால் என்னை நேர்மையானவள் என்று எல்லோரும் புகழ்வார்கள். அதுதான் தாங்க முடியவில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

சொல்லிவிட்டேன்.

தவுக்கே நெல் லோரியைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். "போன வாரம் ஒன்னு, இந்த வாரம் ஒன்னு. ஜேசனக் கொடு, குகன வைன்னு சொல்றே. லீலா, இவன் உன் கம்பத்துப் பையன்தானே?"

"ஆமா தவுக்கே. என் தோட்டத்துப் பையன்தான். அதனாலதான் போன வாரம் தப்புப் பண்ணேன். வேண்டியவன்னு பேச்சு வந்துடக் கூடாதுன்னு அவன் கணக்க மட்டும் நான் சரியா பாக்கல. வேற யாரா இருந்தாலும் பாத்திருப்பேன்."

முழுதாகச் சொல்லி முடித்தேன். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். கோச் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். பார்த்துவிட்டு, மே மாதமே இதைச் சொல்ல வந்ததாகவும், அந்தக் கடைசிக் கட்டத்தைப் பற்றி யார் பேசினாலும் நான் முகத்தைச் சுளிப்பதால் விட்டுவிட்டதாகவும் சொன்னார். சுளித்திருப்பேன். சுளித்தேன்தான்.

தவுக்கே என் பக்கம் திரும்பினார். "ஜேசன் முகத்தப் பாத்துதான் பாதிப் பேரு டிக்கெட் வாங்குறான். அவனக் கொடுத்து மொதல் நாலு எடத்துக்குள்ள வரலன்னா எப்படி?"

"நாற்காலிய வேற ஆளுக்குக் கொடுங்க. நான் ஆலைக்கே வந்துடறேன்."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் ஆலையில் என் பழைய மேசை ஞாபகம் வந்தது. வெறும் பேச்சாக எடுத்துக்கொள்ளும் ஆளில்லை அவர். "ஓகே லா" என்றார்.

ஆகஸ்ட் 7, வியாழன்

குகனைக் கூப்பிட்டுப் புதுத் தாளைக் கொடுத்தேன். உட்கார் என்றேன். நின்றுகொண்டே படித்தான். மேலிருந்து கீழே ஒரு தடவை, கீழிருந்து மேலே ஒரு தடவை. கடைசியில் தன் பேரைத் தேடிப் பழகியவன், மேலே பார்க்க நேரமாயிற்று.

"இதுல எம்பேரு மொதல்ல இருக்குங்க்கா."

"ஆமா. உங்கப்பா இதுல எங்கயும் இல்ல. நல்லாப் பாத்துக்க."

தாளை மடித்துப் பையில் வைக்கப் போனான். அது ஆபீஸ் தாள், கொடு என்றேன். கொடுத்தான். வாசலில் நின்று, "நகல் ஒன்னு கெடைக்குமா" என்றான். இரண்டாக எடுத்துக் கொடுத்தேன். ஒன்று உங்கம்மாவுக்கு என்றேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

ஜொகூர்காரர் மூன்று நாளாக முறுக்கிக்கொண்டார். குகன்தான் வேண்டும் என்றார். குகன் கிடையாது, ஜேசன் என்றேன். மாலை ஐந்து நாற்பதுக்கு ஒப்புக்கொண்டார்.

ஜேசனிடம் நானேதான் சொன்னேன். கோபப்படுவான் என்று இரண்டு நாளாகப் பயந்துகொண்டிருந்தேன். அவன் பையின் ஜிப்பை இழுத்து மூடினான். பிறகு, தன் அப்பா அம்மா ஜொகூரில் பத்து பகாட்டில்தான் இருப்பதாகவும், இனி ஞாயிற்றுக்கிழமை வீட்டுச் சாப்பாடு கிடைக்கும் என்றும் சொன்னான். "ஆனா லீலா, உங்கள அடிக்க வருவேன்" என்று சிரித்தான். நல்ல பையன். கைகொடுத்தேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

தோல்வி. முகநூலில் என்னைக் கிழிக்கிறார்கள். "கிராணிக்கு குலை எண்ணத்தான் தெரியும்" என்று ஒருவன் எழுதியிருக்கிறான். தமிழில் எழுதியிருக்கிறான், நம்ம ஆள்தான். ராஜு போனைப் பிடுங்கி அரிசிப் பானைக்குள் வைத்துவிட்டார்.

ஆகஸ்ட் 30, சனி

இரண்டு வெற்றி, அடுத்தடுத்து. ஜொகூரிலிருந்து வந்த மலை நன்றாக வேலை செய்கிறது. பெயர் இவான். குகன் வழி மறித்தால் அவனுக்குக் கூடை கைக்கெட்டும் தூரம்.

கோச் இப்போது குகனுக்கு முப்பது நிமிஷம் கொடுக்கிறார். சனிக்கிழமை ஆட்டம் என்றால் காலையில் அப்பாவை விட்டுவிட்டு மாலையில் வந்து ஆடுகிறான். களைப்பாக இருக்கிறதா என்று கேட்டேன். "அப்பா எவனோட முதுக விடவும் கனம்க்கா. இவனுங்க எல்லாம் சும்மா" என்றான்.

செப்டம்பர் 7, ஞாயிறு

பினாங்கில் தோல்வி. ஆலையில் என் பழைய மேசையில் இப்போது ஒரு பிரிண்டர் இருக்கிறது. அதை எங்கே நகர்த்துவார்கள் என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு

இன்னும் இரண்டு ஜெயித்துவிட்டோம். ஆறு வெற்றி, ஏழு தோல்வி. கடைசி ஆட்டத்தில் ஜெயித்தால் நான்காம் இடம். தோற்றால் ஐந்து. எதிரணி யார் என்று கேட்கவே வேண்டாம். ஜொகூர்.

செப்டம்பர் 28, ஞாயிறு

தோட்டத்திலிருந்து இரண்டு பஸ். ஐயாவு உருமி மேளத்தையே கொண்டுவந்துவிட்டார். சீனப்பள்ளி மண்டபத்தில் இதற்கு முன் உருமி அடித்திருக்க மாட்டார்கள். முதலில் காதைப் பொத்திக்கொண்ட தவுக்கே, மூன்றாவது கால்பகுதியில் அதற்குத் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

ஜேசன் சொன்னதைச் செய்தான். முப்பத்தொரு புள்ளி. ஒவ்வொரு முறை போடும்போதும் என் பக்கம் பார்த்தான். நான் பேனாவைப் பிடித்த பிடியில் விரல் வெளுத்துவிட்டது. கடைசி நிமிஷத்தில் சமம். இருபது விநாடி இருக்கும்போது இவான் பந்தோடு திரும்பினான், குகன் குறுக்கே போய் நின்றான், இரண்டு பேர் அவன் மேல் மோதிக் கீழே விழுந்தார்கள். இவான் போட்டான், அதோடு ஃபவுலுக்குக் கிடைத்த தனி வீச்சையும் போட்டான். எழுபத்தெட்டு, எழுபத்தைந்து.

நான்காம் இடம். நாற்காலி என்னுடையது. அதிலேயே நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தேன்.

குகன் முழு ஆட்டத்திலும் போட்டது இரண்டே புள்ளி. தோட்டத்து ஆட்கள் சிலருக்கு ஏமாற்றம். "என்னப்பா, நம்ம பையன் ரெண்டுதானா" என்று யாரோ கேட்டது என் காதில் விழுந்தது. திரும்பிப் பார்த்து நாலு கேட்கலாம் என்று எழுந்தேன். அதற்குள் சின்னத்தாய் அக்கா அந்த ஆளைப் பிடித்துக்கொண்டார்.

"பந்த மட்டும் பாத்தா அப்படித்தான் தெரியும். எம்மவனப் பாத்தியா நீ? பத்தொம்பது தடவ குறுக்க நின்னான். நான் எண்ணினேன்" என்றார்.

என் தாளில் பதினெட்டு. வீட்டுக்கு வந்து வீடியோவில் சரிபார்த்தேன். அக்கா சொன்னதுதான் சரி. ஒன்றை விட்டுவிட்டேன். எனக்குக் கொஞ்சம் ரோஷமாகவும் இருந்தது, அதைவிடச் சந்தோஷமாக இருந்தது.

அக்டோபர் 5, ஞாயிறு

அரையிறுதியில் ஈப்போவிடம் தோற்றோம், ஆறு புள்ளியில். ஜூலையில் பத்தொன்பது. தலை நிமிர்ந்துதான் பஸ் ஏறினோம்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. குகன் அப்பாவைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். சன்னாசி அண்ணன் முறுக்கைக் கடித்துக்கொண்டே, அந்த ஒரு மாதம் உண்மையிலேயே வெயில்தான் ஜாஸ்தி என்று எனக்கு விளக்கினார். சின்னத்தாய் அக்கா அவர் சட்டையில் விழுந்த துகளைத் தட்டிவிட்டார்.

நவம்பர் 12, புதன்

சீசன் முடிந்த பிறகு இன்னொரு மாற்றக் கெடு உண்டு. இன்று தவுக்கே கூப்பிட்டார். கண்ணாடிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். அதனால் நல்ல செய்தி என்று தெரிந்துகொண்டேன்.

ஜொகூரிலிருந்து போனாம். மறுபடியும் ஒரு ஆளைக் கேட்கிறார்களாம். குகனைக் கொடுக்க முடியாது என்று நான் பேச்சை ஆரம்பிக்கும் முன்பே மறித்தார்.

"குகன யாரு கேட்டா? உன்னக் கேக்குறான்."

எனக்குப் புரியவில்லை.

"மேனேஜரா வரச் சொல்றான். அதுக்கு ரெண்டு ஆட்டக்காரனத் தர்றானாம். ரெண்டு பேர், லீலா. இந்த லீக்ல மேனேஜருக்கு ஆள் தர்றேன்னு எவனும் கேட்டதில்ல."

எந்த இரண்டு பேர் என்று கேட்டேன். சொன்னார். அங்கேயே பையைத் திறந்து தாளை எடுத்துப் பார்த்தேன். ஒருவன் நல்ல பையன், தங்கம். இன்னொருவன் நின்ற நேரத்தில் முப்பது பின்னால், தேற மாட்டான். இவனை வாங்காதீர்கள் என்றேன்.

தவுக்கே வயிறு குலுங்கச் சிரித்தார். உன்னை விற்கிற பேச்சில் நீயே விலை பார்த்துச் சொல்கிறாயே என்றார். என்ன பதில் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"ரெண்டு பத்தாதுன்னு சொல்லிட்டேன்."

"எத்தன கேட்டீங்க?"

"அவன்கிட்ட அத்தன பேர் இல்ல."

வீட்டுக்கு வந்து ராஜுவிடம் சொன்னேன். என்னைக் கேட்டிருந்தால் சும்மாவே தூக்கிக் கொடுத்திருப்பேனே என்றார். சொல்லிவிட்டு என் தாள்களை ஒன்றன் மேல் ஒன்றாக ஒழுங்காக அடுக்கி மேசையின் ஓரத்தில் வைத்தார். தன் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றபடியே சாப்பிட ஆரம்பித்தார். உட்காருங்கள், இடம் இருக்கிறது என்றேன்.